மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களும் நாட்கடனாய் நின்ற கவித்தொண்டும்

செய்யுள் இயற்றுவார் இருதிறத்தர். ஒரு திறத்தார், உள்ளத்தே ஓர் எழுச்சி தானே தோன்றுங்காறும் எழுத்தாணியைத் தொடாது காத்திருப்பர். மற்றொரு திறத்தார், நீராடலும் வழிபாடும் போலப் பாடுதலையும் நாட்கடனாகக் கொண்டு, எழுச்சி வரினும் வாராதொழியினும் குறித்த பொழுதில் அமர்ந்து குறித்த பகுதியை முடிப்பர். முன்னையோரை அருட்கவிகள் என்றும் பின்னையோரைத் தொழிற்கவிகள் என்றும் பகுத்து, முன்னையோர்க்கு ஏற்றமும் பின்னையோர்க்குத் தாழ்வும் கூறுதல் பலரிடத்துக் காணப்படும் வழக்கம். அவ்வழக்கம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்தற்குத் திருவாவடுதுறை ஆதீன மகாவித்துவானாய் விளங்கிய திரிசிரபுரம் ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களுடைய வாழ்க்கையினும் சிறந்த கருவி பிறிதில்லை. அவர்களுடைய மாணாக்கராகிய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்ட சரித்திரத்தைச் சைவவுலகம் நன்கறியும். அவ்வாழ்க்கையுள் இவ்வொரு பொருட்கு இயைவனவற்றை மட்டும் ஈண்டுத் தொகுத்துரைப்பாம்.

பிள்ளையவர்கள் 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த சிற்றூரொன்றில் தோன்றினார்கள். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சியார். முன்னோர் மதுரைத் திருக்கோயிலிற் பணிபுரிந்த மரபினராதலின், குழந்தைக்கு அத்தலத்து இறைவியும் இறைவனும் சேர்ந்த திருநாமம் இடப்பட்டது. தந்தையார் சிறுவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். நிகண்டும் சதகமும் அந்தாதியும் இலக்கணமும் அவரிடமே பாடமாயின. அக்காலத்துப் பாடமாவது பொருளறிதல் மட்டுமன்று. நெட்டுருச் செய்து, வேண்டிய பொழுது வேண்டிய செய்யுளைத் தடையின்றி எடுத்துரைக்கும் ஆற்றலைப் பெறுதலேயாம். இளமையிலேயே தந்தையாரை இழந்த பிள்ளையவர்களுக்கு எஞ்சியிருந்த செல்வம் இக்கல்வி ஒன்றே.

பின்னர் அவர்கள் திருச்சிராப்பள்ளியை அடைந்து மேலும் கற்கத் தொடங்கினார்கள். இக்காலத்தார் ஓராற்றானும் உணர்தற்கரிய இடர் அக்கல்வியில் இருந்தது. அச்சிட்ட நூல்கள் மிகச் சில. ஒருவரிடம் ஓரேடு இருக்கும். மற்றொருவரிடம் அதன் உரை இருக்கும். வேறொருவர்க்கு அதன் பொருள் தெரியும். மூவரையும் தேடிச் சென்று, ஏட்டை இரவல் வாங்கித் தம் கையாலேயே படியெழுதி, ஐயங்களைக் குறித்துக்கொண்டு, தெளிவுரைப்பாரை நாடி நடக்கவேண்டும். தண்டியலங்காரத்தை நன்கறிந்த பரதேசி ஒருவர் அந்நகரில் இருக்கின்றாரெனக் கேள்வியுற்று, அவர் பிச்சைக்குச் செல்லும் தெருக்களிலெல்லாம் பின்சென்று, பணிவிடை செய்து, அவர் மனம் இசைந்தபொழுது சிறிது சிறிதாக அந்நூலைப் பாடங்கேட்டார்கள் என்பது அவர்கள் வரலாற்றிற் புகழ்பெற்ற செய்தி. சென்னைக்குச் சென்ற காலத்தும் காஞ்சீபுரம் சபாபதி முதலியார் முதலிய புலவர்களை அணுகித் தமக்கு விளங்காதனவற்றைக் கேட்டுத் தெளிந்தார்கள். பாடவல்லராய்ப் பெயர் பரவிய பின்னரும் மாணாக்கராய் அமர அவர்கள் நாணவில்லை.

படியெழுதுதலின் பயனை ஈண்டு ஒருவாறு எண்ணுதல் தகும். பெருநூலொன்றை ஏட்டில் எழுதுபவன் ஒவ்வொரு சொல்லிலும் தங்கிச் செல்கின்றான். சீர் எங்கே முடிகின்றது, எதுகை எவ்வாறு அமைகின்றது, ஒரு படலத்தைப் புலவர் எங்ஙனம் தொடங்கி எங்ஙனம் முடிக்கின்றார் என்பன அவனுடைய கண்ணின் வழியேயன்றிக் கையின் வழியேயும் உள்ளத்துட் புகுகின்றன. பல்லாண்டு இவ்வாறு பயின்றார்க்கு யாப்பு வெளியிலிருந்து கட்டும் தளையாகாது. பேச்சே யாப்பாய் நிற்கும். பிற்காலத்தே பிள்ளையவர்களுடைய வாக்கிலிருந்து செய்யுட்கள் ஆற்றொழுக்காய் வந்ததைக் கண்டு வியந்தவர் பலர். அவ்வொழுக்கிற்கு ஊற்று திருச்சிராப்பள்ளித் தெருக்களில் நடந்த நடையும், விளக்கொளியில் எழுதிய ஏடுகளுமேயாம்.

1860-ஆம் ஆண்டளவிற் பிள்ளையவர்கள் மாயூரத்தில் வந்து தங்கினார்கள். அதற்கு முன்னும் பின்னும் திருவாவடுதுறை ஆதீனத்தோடு அவர்களுக்கிருந்த தொடர்பு வளர்ந்து, ஸ்ரீ அம்பலவாண தேசிகரவர்களால் மகாவித்துவான் என்னும் பட்டம் வழங்கப்பெற்றது. பின்னர்ப் பீடத்தில் எழுந்தருளிய ஸ்ரீ சுப்பிரமணிய தேசிகரவர்கள் தாமும் பெரும்புலவராய் இருந்து பிள்ளையவர்களைப் போற்றிக் காத்தார்கள். மடத்தின் வாழ்க்கை மணியொலிக்கு அடங்கி நடப்பது. வழிபாட்டிற்கு ஒரு பொழுது. மாகேசுவர பூசைக்கு ஒரு பொழுது. தம்பிரான்கள் பாடங்கேட்டற்கு ஒரு பொழுது. விரும்பினாற் செய்தலும் விரும்பாவிடின் விடுத்தலும் ஆண்டில்லை. அத்தகைய ஒழுங்கினுள்ளே பாடமுரைத்தலும் பாட்டியற்றலும் பிள்ளையவர்களுக்கு நியமங்களாயின.

அவர்கள் இயற்றியவற்றுள் தலபுராணங்கள் மட்டும் 22, பிள்ளைத்தமிழ்கள் 10. அந்தாதி, கோவை, கலம்பகம், உலா, தூது, மாலை எனப் பிறவும் பல. இத்துணை நூல்களும் பெரும்பாலும் பிறர் வேண்டுகோளாலேயே எழுந்தன. ஒரு தலத்து அன்பர்கள் கூடித் தங்கள் ஊர்க்குப் புராணம் வேண்டுமென்று வருவர். வடமொழியிலுள்ள மான்மியத்தைத் தமிழ் வசனமாக்கி எழுதுவித்துக்கொண்டு, கடவுள் வாழ்த்து, அவையடக்கம், நாட்டுச் சிறப்பு, நகரச் சிறப்பு என்னும் உறுப்புக்கள் முன்னிற்க, மூர்த்தி தல தீர்த்தங்களின் வரலாறுகளைப் படலம் படலமாக அமைத்துப் பாடவேண்டும். அரங்கேற்றத்திற்கு நாள் பார்க்கப்படும். அந்நாள் தொடங்கித் திருக்கோயில் மண்டபத்தே நாடோறும் ஒரு பகுதி படிக்கப்பெற்றுப் பொருள் விரிக்கப்படும். சுற்றூர்களிலிருந்து வந்து கேட்போர் பலர். குறை காணக் காத்திருப்போரும் சிலர்.

இவ்வரங்கேற்றம் முன்னரே முடிந்த நூலைப் படிப்பதாக எப்பொழுதும் இருந்ததில்லை. தொடக்கப் பகுதிகள் மட்டும் இயன்றிருக்க, எஞ்சியவற்றை அரங்கேற்றம் நிகழும் காலத்திலேயே பாடி, இயற்றலும் கேட்பித்தலும் ஒருங்கு நடைபெறுதலும் உண்டு. 1873-ஆம் ஆண்டளவில், மாணிக்கவாசக சுவாமிகளுக்கு இறைவன் குருவாய் எழுந்தருளிய திருப்பெருந்துறைக்குப் புராணம் பாடி அரங்கேற்றச் சென்றபொழுது அவ்வாறே நிகழ்ந்தது. கேட்போர் மண்டபத்திற் கூடும் பொழுது வந்தேவிடும். அன்றைக்கு மனம் எழுச்சி கொள்ளவில்லை என்று ஒரு புலவர் அவர்களைத் திருப்பியனுப்பவியலாது. உடல்நலம், வீட்டுக் கவலை, கடன்காரர் நெருக்கடி ஆகிய எவையும் ஆண்டுக் காரணமாகா. எழுச்சிக்காகக் காத்திருத்தலையே நெறியாகக் கொண்டவராயின் பிள்ளையவர்கள் அத்தலபுராணங்களுள் ஒன்றையேனும் முடித்திருத்தல் அரிது.

சாமிநாதையரவர்கள் 1871-ஆம் ஆண்டு மாயூரத்தில் பிள்ளையவர்களை அடைந்து, அவர்கள் வாழ்நாளின் இறுதிவரையில் உடனிருந்தார்கள். அந்நாளில் அவர்கள் கண்டவற்றுள் ஒன்று பிள்ளையவர்கள் பாடும் முறை. ஏடும் எழுத்தாணியுமாய் ஒருவர் அருகிருப்பார். பிள்ளையவர்கள் செய்யுளைச் சொல்லிக்கொண்டே செல்வார்கள். முன்னரே நெட்டுருச் செய்துவைத்ததை ஒப்பிப்பது போன்று அது தோன்றும். இடையே யாரேனும் வந்தால் அவரை வரவேற்று, நலம் வினவி, வேண்டியன பேசியனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மீளத் தொடங்குவார்கள். தனித்த அறை வேண்டும், அமைதியான பொழுது வேண்டும், மனம் ஒருநிலைப்படவேண்டும் என்று அவர்கள் கேட்டதில்லை. மனம் ஒருநிலைப்படுதல் அவர்களுக்குப் பாட்டின் முன்நிபந்தனையாக இல்லை. பாடத் தொடங்கிய அளவில் அது தானே வந்தெய்திற்று.

விடியற்காலையிற் பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் தாமே வைத்து வளர்க்கும் செடிகொடிகளைப் பார்வையிடுவது வழக்கம். எச்செடியில் எங்கே புதுத்தளிர் விட்டிருக்கின்றது என்று ஒவ்வொன்றாக நோக்கி மகிழ்வார்கள். இதனையறிந்த இளம் மாணாக்கராகிய சாமிநாதையரவர்கள், முன்னரே எழுந்து தளிர்களைக் கண்டுவைத்து, ஆசிரியர் வந்தவுடன் சுட்டிக்காட்டி, அவ்வாற்றால் அவர்களுடைய அன்பிற்கும் பாடத்திற்கும் உரியராயினார்கள். தளிர் எப்பொழுது வரும் என்பது தோட்டக்காரன் ஆணைக்கு உட்பட்டதன்று. ஆயினும் நீர் விடுதலும் களை நீக்குதலும் அவனுக்குரியன. நாடோறும் அவற்றைச் செய்வானே தளிரைக் காண்கின்றான்.

நெறிப்பட்ட உழைப்பு உள்ளத்தின் ஈரத்தை உலர்த்திவிடும் என்பார் கூற்றிற்கு விடையாகக் கோபாலகிருஷ்ண பாரதியார் செய்தியொன்று உள்ளது. பாரதியார் தாம் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் பெற விரும்பிப் பிள்ளையவர்களிடம் பலமுறை வந்தார். பெரியபுராணத்தினின்றும் அக்கதை வேறுபட்டிருந்தமையும், சொற்களில் இலக்கண வழுக்கள் மலிந்திருந்தமையும் பிள்ளையவர்களுக்கு உடன்பாடாகவில்லை. ஆதலின் காலந்தாழ்த்தி வந்தார்கள். ஒருநாட் பகலில் பிள்ளையவர்கள் உள்ளே துயின்றுகொண்டிருக்க, திண்ணையில் அமர்ந்திருந்த பாரதியார் தம் கீர்த்தனையொன்றைத் தம்மை மறந்து பாடலாயினார். விழித்தெழுந்து கேட்ட பிள்ளையவர்கள் அவ்விசையிலும் அதனுட் பொதிந்த பத்தியிலும் உருகி, வழுக்களை எண்ணுதல் ஒழிந்து, பாயிரம் அளித்தார்கள். இலக்கணத்தின் எல்லைக்குள்ளேயே வாழ்நாளெல்லாம் நின்ற ஒருவர், அவ்வெல்லைக்கு அப்பாலிருந்து வந்த அன்பை அறிந்து வணங்கினார். பயிற்சியால் அவர்களுடைய உள்ளம் மரத்துப் போயிருக்குமாயின் அத்திண்ணைப் பாட்டு அவர்களை எழுப்பியிராது.

இனி, மறுதலைப்பட்டார் கூற்றையும் நடுநின்று நோக்குவாம். பிள்ளையவர்களுடைய தலபுராணங்களில் நாடு நகர வருணனைகள் ஒன்றுபோலவே அமைந்துள்ளன என்றும், அவை காப்பிய இலக்கணம் நிரப்புதற்கு எழுந்தன என்றும், பொருள்வேண்டிப் பாடப்பட்டன என்றும் குறை கூறினார் சிலர். இவற்றுள் முற்றும் மறுத்தற்குரியது ஒன்றுமில்லை. பல்லாயிரஞ் செய்யுட்களும் ஒரே தரத்தனவாய் இருத்தல் யார்க்கும் இயல்வதன்று. அவர்கள் வாழ்க்கை வறுமையோடு போராடியதே. வீட்டில் உண்ட மாணாக்கர் பலர், வருவாய் நிலையற்றது, கடன் ஓய்ந்ததேயில்லை. ஒரு புராணத்திற்குக் கிடைத்த பொருள் முந்தைய கடனுக்குச் சென்றுவிட, அடுத்த வேண்டுகோளை ஏற்க நேர்ந்த காலங்களும் உண்டு. இக்கட்டாயம் பாட்டின் அளவை மிகுவித்திருக்கலாம்.

ஆயினும் இரண்டு செய்திகளை இக்குறை கூறுவார் உடன் எண்ணவேண்டும். ஒன்று, பலராலும் போற்றப்படும் சேக்கிழார் பிள்ளைத்தமிழும் அதே வாக்கிலிருந்து வந்ததே என்பது. நாடோறும் பாடிய வாயன்றி, காத்திருந்த வாய் அதனைப் பாடவில்லை. சிறந்தனவற்றை மட்டும் பாடுவேன் என்று ஒருவர் உறுதிகொள்ளுதல் இயலாது. சிறந்தது எது என்பது பாடிமுடித்த பின்னரே விளங்கும். மற்றொன்று, புகழையும் பொருளையும் மட்டும் கருதியவர் தம் நூலைப் பிறர் பெயராற் செல்லவிடார் என்பது. குசேலோபாக்கியானம் என்னும் காப்பியம் பிள்ளையவர்களால் இயற்றப்பட்டு, அவர்கள் மாணாக்கராகிய வல்லூர்த் தேவராச பிள்ளையின் பெயரால் வழங்கியது. பாடுதலே கடனாகக் கொண்டவர்க்கு அப்பாட்டு யார் பெயரில் நின்றாலும் ஒன்றே போலும்.

அருள் வந்தாற் பாடுவேன் என்று கூறிச் சோம்பியிருப்பார், சமயகுரவர்களை எடுத்துக்காட்டுவர். திருஞானசம்பந்த சுவாமிகள் மூன்றாமாண்டில் ஓதாதுணர்ந்து பாடினார்களன்றோ என்பர். அவர்கள் நிலை வேறு. நம்மனோர் நிலை வேறு. ஞானப்பாலுண்டருளிய திருவாக்கை நம் சோம்பலுக்குச் சான்றாக்குதல் பெரும்பிழையாம். நம்மனோர்க்குச் சித்தாந்தம் கூறும் நெறி பிறிது. திருவருள் எக்காலத்தும் எவ்விடத்தும் நீக்கமற நிறைந்துள்ளது. அது வரவேண்டுவதன்று, அதனையேற்கும் பக்குவமே உயிர்க்கு வரவேண்டுவது. சூரியன் யாவற்றுக்கும் ஒப்பவே ஒளிவீசினும் முதிர்ந்த மொட்டே அலர்கின்றது; முதிராதது குவிந்தே நிற்கின்றது. ஆதலின் அருளுக்குக் காத்திருக்கின்றேன் என்னும் உரை, உதித்த சூரியனை உதிக்கவில்லை என்பதோடொக்கும். சரியையும் கிரியையும் யோகமும் நாடோறும் வழுவாது செய்யுமாறு விதிக்கப்பட்டமை இப்பக்குவத்தின் பொருட்டே. மனம் கனிந்த நாளிலே மட்டும் பூசை செய்வேன் என்பானுக்கு மனம் என்றும் கனியாது. கவித்தொண்டும் இவ்வாறே.

அங்ஙனமாயின் முயற்சியே பாட்டைத் தருமோ எனின், அற்றன்று. மலர்தல் சூரியனாலாவது, ஆயினும் கொடிக்கு நீர் வார்த்தல் நம்மாலாவது. இவ்விரண்டையும் மயங்காது அறிதலே வேண்டும். பிள்ளையவர்கள் தம் பாட்டைக் குறித்துத் தற்பெருமை கொண்டிலர் என்பது அவர்களோடு பழகியோர் ஒருங்கே உணர்ந்த செய்தி. தம் செயலைத் தவறாது செய்து, பயனைத் தமதென்னாது நின்றமையால், உழைப்பும் பணிவும் அவர்களிடத்தே முரணின்றி அமைந்தன.

அவர்களுடைய நியமத்தின் மற்றொரு பகுதி பாடஞ்சொல்லுதல். சாதி சமய வேறுபாடு அதற்குத் தடையாகவில்லை. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராய் விளங்கிய தியாகராச செட்டியார், கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளை, முகம்மதியராகிய நாகூர்க் குலாம்காதிறு நாவலர் என மாணாக்கர் பலதிறத்தர். மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளையும் அவர்களிடம் பெருமதிப்புடைய நண்பராயிருந்தார். கற்பிக்கும் ஆசிரியர் நாடோறும் பழைய நூல்களோடு உறவாடுகின்றார். ஒரே செய்யுளைப் பத்து மாணாக்கர்க்குப் பத்து முறை விரிக்கின்றார். அவ்விரிவுரையே அவர் பாட்டிற்கு உரமாகின்றது. பாடமின்றிப் பாட்டில்லை, பாட்டின்றிப் பாடத்திற்கு உயிரில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன.

1876-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ஆம் நாள் பிள்ளையவர்கள் திருவாவடுதுறையிற் சிவபதமடைந்தார்கள். சவேரிநாத பிள்ளை அவர்களைத் தாங்கியிருக்க, சாமிநாதையரவர்கள் திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை ஓத, அதனைச் செவிமடுத்துக்கொண்டே அவர்கள் உயிர் பிரிந்தது. பல்லாயிரஞ் செய்யுட்களைத் தாமே இயற்றிய வாக்கு, இறுதியில் தம் பாட்டொன்றையும் நாடாது மாணிக்கவாசகர் திருவாக்கினுள் அடங்கிற்று. வீட்டிற்கு எஞ்சியது கடன். நாட்டிற்கு எஞ்சியவை நூல்களும் மாணாக்கர் குழாமும்.

அம்மாணாக்கருள் எழுத்தாணி பிடித்து ஏடெழுதிய இளைஞர், 1880-ஆம் ஆண்டு தியாகராச செட்டியார்க்குப்பின் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகி, 1887-இல் சீவகசிந்தாமணியையும், 1889-இல் பத்துப்பாட்டையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும், 1898-இல் மணிமேகலையையும் அச்சிட்டு வெளியிட்டார்கள். செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கி ஆண்டுக்கணக்கில் உழைத்த அவ்வுழைப்பு, எழுச்சியை நோக்கிக் காத்திருந்தார் செய்யும் பணியன்று. ஆசிரியர் சொல்லச் சொல்ல நாடோறும் எழுதிய கை, எழுதுவதை நிறுத்தாது தொடர்ந்த பணியே அது. பிள்ளையவர்கள் விட்டுச்சென்ற செல்வங்களுள் 22 புராணங்களோடு இவ்வொழுக்கத்தையும் சேர்த்தெண்ணுதல் தகும்.

ஆதலின், நூலெழுத விரும்பியும் மனம் கனியவில்லை என்று நாள்களைக் கழிக்கும் அன்பர்கள், நியதியான பொழுதொன்றைக் குறித்துக்கொண்டு, ஏட்டின் முன் அமர்தலாகிய தம் பங்கினைச் செய்வார்களாக. எஞ்சியது திருவருளின் பங்கு. அது என்றும் தாழ்ப்பதில்லை.

திருச்சிற்றம்பலம்.